ஏழாம் விளக்கின் அடியில்

நீங்கள் கண்ணாடி துடைத்த அன்று

ஏழாம் விளக்குக்காரருக்கு,

முன்பின் தெரியாதவருக்கு எழுதுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. எதிரிக்கு எழுதுவது எந்த வீட்டிலும் வழக்கமில்லை. ஆனாலும் கோபம் சும்மா இருக்கவிடவில்லை.

இந்த முறை எண்ணெய் ஊற்ற வந்தவர் விளக்கின் கண்ணாடியையும் துடைத்துவிட்டுப் போனீர்கள். யார் கேட்டார்கள்? வெளிச்சம் எல்லைக் கோட்டைத் தாண்டி ஒரு முழம் எங்கள் தெருவுக்குள் வந்தது. என் ஜன்னல் வழியாக வேலை மேசையில் விழுந்து கட்டைவிரலைச் சுட்டுவிட்டது. உங்கள் வெளிச்சம் எங்கள் தோலுக்கு நெருப்பு. நான் கத்தரி பிடித்துப் பிழைப்பவள். விரல் போனால் என் பிழைப்பு போச்சு.

விளக்கடியில் இருட்டு என்பார்கள், அது நிஜம்தான். எங்கள் தெருவின் மூடிய வாய்க்கால் உங்கள் கல்மேடைக்குக் கீழே வந்து முடிகிறது. அங்கே ஒரு சாண் இருட்டு இருக்கிறது. தவழ்ந்து வந்து இந்தக் காகிதத்தை அதில் வைத்திருக்கிறேன். தயவுசெய்து திரியை இறக்குங்கள்.

இருட்டுக்கரை,
நிழல்காரி

*

தங்கை தூங்காத முப்பத்தோராம் நாள்

நிழல்காரிக்கு,

உனக்கு வணக்கம் ஒன்றுதான் குறைச்சல்!

ஒரு மாதத்துக்கு முன்னால் என் தங்கை எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். கோட்டோரம் நின்று என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். அவள் நிழல் உங்கள் பக்கம் விழுந்த நேரம் பார்த்து நறுக்கென்று வெட்டிக்கொண்டு போய்விட்டது உங்கள் கூட்டம். நிழல் போனவர்களுக்குத் தூக்கம் வராது. தூக்கமில்லாமல் நூறு நாளைத் தாண்டியவர் எங்கள் ஊரில் ஒருவர்கூட இல்லை. இது தெரிந்துதானே செய்கிறீர்கள்?

அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இப்போது ஒரே பரீட்சைத்தாளை நாலு தடவை திருத்துகிறாள். நாலு தடவையும் வேறு வேறு மதிப்பெண். "கண்ணுக்குள்ள மணலைக் கொட்டின மாதிரி இருக்குண்ணா" என்கிறாள். அம்மா போன பிறகு அவளைத் தூக்கி வளர்த்தவன் நான். 

திரியை இறக்க மாட்டேன். இன்னும் ஏற்றத்தான் போகிறேன். அவள் நிழலைக் கொண்டுவந்து வை. அப்புறம் உன் கட்டைவிரலைப் பற்றிப் பேசலாம்.

ஏழாம் விளக்குக்காரன்

*

அதன் பிறகு ஆறு முறை எண்ணெய் ஊற்றியாயிற்று

ஐயா,

கூட்டத்தையெல்லாம் வைய வேண்டாம். இந்தத் தெருவில் நிழல் வெட்டுகிறவள் நான் ஒருத்திதான். கையில் தூக்குப்பாத்திரம், தலையை ஆட்டி ஆட்டிப் பேச்சு, சிரித்தால் தோள் குலுங்கும். அவள்தானே? வெட்டும்போதுகூட அந்த நிழல் சிரித்துக்கொண்டிருந்தது. நான்தான் வெட்டினேன்.

ஆனால் ஒன்றை நம்புங்கள். நிழலும் நகமும் ஒன்று, வெட்டினால் வளர்ந்துவிடும் என்று சொல்லித்தான் எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தார்கள். பதினான்கு வருஷமாக வெட்டுகிறேன். நூறு நாள் விஷயத்தை உங்கள் காகிதத்தில்தான் முதன்முதலில் பார்க்கிறேன். படித்ததிலிருந்து கத்தரியைத் தொடவில்லை. இதுவரை எத்தனை பேர் என்று எண்ண ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

உங்கள் தங்கையின் நிழலை மேல்சட்டையாகத் தைத்தாயிற்று. அதைப் போட்டால்தான் எங்கள் ஆட்கள் வெளிச்சத்தில் வேகாமல் நடக்க முடியும். போட்டிருப்பவன் என் அண்ணன், விளக்கணைக்கும் படையில் இருக்கிறான். எங்கள் அப்பா சட்டை இல்லாமல் போய் உங்கள் ஏழாம் விளக்கடியில்தான் எரிந்து செத்தார். அப்போது வேறு விளக்குக்காரர். ஆக, நீங்கள் கேட்பது என் அண்ணனின் உயிரை.

இன்னொன்று கேட்க வேண்டும். தூக்கம் என்றால் என்ன? எங்களில் யாருக்கும் அது கிடையாது. இல்லாவிட்டால் சாகும் அளவுக்கு அதில் அப்படி என்னதான் இருக்கிறது?

நிழல்காரி

*

நாற்பத்திரண்டாம் நாள்

நிழல்காரி அவர்களுக்கு,

திரியை ஒரு நெல்லளவு இறக்கியிருக்கிறேன். மேற்பார்வையாளர் கேட்டால் எண்ணெய் சரியில்லை என்று சொல்லிக்கொள்வேன்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு. வெளிச்சம் பட்டால் இருட்டுக்காரர்களுக்குக் கண் கூசும், திரும்பிப் போய்விடுவார்கள், அவ்வளவுதான் என்றார்கள். சூரியன் நின்றுபோன காலத்திலிருந்து எங்கள் ஊருக்கு இந்தப் பதினோரு விளக்குகள்தான் பகல். ஒன்று அணைந்தாலும் அந்த இடைவெளி வழியாக உங்கள் படை வந்துவிடும். அதனால் நல்ல வேலை செய்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். என் மேடைக்குப் பக்கத்தில் தரையில் ஒரு கருகிய தடம் இருக்கிறது, ஆள் நீளத்துக்கு. எண்ணெய்க் கறை என்று நினைத்து, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தேய்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் காகிதத்தைப் படித்த பிறகு தேய்க்கவில்லை. அந்தப் பக்கம் கால் வைக்கவும் முடியவில்லை.

தூக்கத்தைக் கேட்டீர்கள். கடையைச் சாத்துகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. உள்ளே நடுநடுவே செத்துப்போனவர்கள் வந்து சாதாரணமாகப் பேசிவிட்டுப் போவார்கள். என் அம்மா வந்தால் கதவைச் சாத்தினாயா என்றுதான் கேட்பார். விழித்ததும் பாதி மறந்துவிடும். அவ்வளவுதான் அது. அது இல்லாமல்தான் தங்கை என் கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்கிறாள்.

ஏழாம் விளக்குக்காரன்

*

எண்ணெய் எட்டு முறை, ஒரு முறை பாதி வெளியே சிந்தியது

ஐயா,

நெல்லளவு இறக்கியது தெரிந்தது. ஜன்னலை முழுசாகத் திறந்து வைத்திருக்கிறேன். நன்றி என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

செத்தவர்கள் வந்து பேசுவார்கள் என்று எழுதியதிலிருந்து எனக்கு இருப்பே கொள்ளவில்லை. மேசைக்கும் ஜன்னலுக்குமாக நடக்கிறேன். என் அப்பாவும் அப்படி வருவாரா? தூங்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தானா?

அண்ணனிடம் சட்டையைக் கேட்டுப் பார்த்தேன். "என்னடி, மூளை கீளை கெட்டுப்போச்சா? படை கிளம்ப மணி அடிச்சா நான் முதல் வரிசையில நிக்கணும். சட்டை இல்லாம போனா அப்பா கதிதான் எனக்கும்" என்றான். அவன் சொல்வதிலும் தப்பில்லையே. குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுகிறான். அப்போதும் கண்ணில் படுகிற மாதிரி ஆணியில் மாட்டிக்கொள்கிறான். வேறு நிழல் இருந்தால் மாற்றித் தைத்துவிடலாம். ஆனால் இன்னொரு ஆளை வெட்ட என்னால் ஆகாது.

அப்புறம், முதல் காகிதத்தில் நீ, வா, போ என்றீர்கள். இப்போது 'அவர்களுக்கு' என்கிறீர்கள். வைதபோதுதான் சொந்தக்காரர் மாதிரி இருந்தீர்கள்.

நிழல்காரி

*

ஐம்பத்தெட்டாம் நாள்

நிழல்காரி,

சரி, நீ என்றே எழுதுகிறேன். பிறகு மரியாதை தெரியாதவன் என்று சொல்லாதே.

தங்கை நேற்று வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்று அழுதாளாம். ஏழாம் வாய்ப்பாடு மறந்துவிட்டது. பிள்ளைகள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

அதனால் என் நிழலை எடுத்துக்கொள். உன் அண்ணனுக்கு அதில் சட்டை தைத்துக்கொள். அவளுடையதைக் கொடுத்துவிடு. நான் வேண்டாவெறுப்பாகச் சொல்லவில்லை. நாலு நாளாக யோசித்து, எண்ணெயைச் சிந்தி, மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் சொல்கிறேன்.

ஏழாம் விளக்குக்காரன்

*

எண்ணெய் ஒன்பது முறை

விளக்குக்காரரே,

உங்கள் நிழலா? ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேனே. எப்போதும் விளக்குக்கு நேர் கீழே நிற்கிறவருக்கு நிழல் ஏது? காலடியில் மிதியடி அளவுக்குக் கிடக்கிறது. அதில் என் அண்ணனுக்கு ஒரு கை வைக்கலாம். அவன் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு அதுவும் பத்தாது.

கிண்டல் போதும். உங்களுக்கும் அதே நூறு நாள்தான் என்பதைச் சாமர்த்தியமாக எழுதாமல் விட்டுவிட்டீர்கள். நான் மறக்கவில்லை. எனக்கு இது பிடிக்கவில்லை. உங்கள் காகிதம் வராத நாளில் வாய்க்காலில் மூன்று தடவை கை விட்டுத் துழாவுகிறேன். இப்படிப்பட்ட ஆளை என் கையாலேயே வெட்டச் சொல்கிறீர்கள்.

ஆனால் உங்கள் தங்கைக்கு நாள் ஓடுகிறது. அண்ணன் குளிக்கப் போன நேரத்தில் சட்டையைப் பிரித்துவிட்டேன். பழைய திரைத்துணியில் அதே மாதிரி ஒன்றைத் தைத்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். மணி அடிக்கும்வரை அவனுக்குத் தெரியாது. அடித்துவிடுமோ என்று தெருக்கோடிப் பக்கமே காதை வைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் தங்கையின் நிழல் கல்லுக்குக் கீழே சுருட்டி இருக்கிறது. உங்களுடையது வந்தாலும் வராவிட்டாலும் இது அவளுடையது.

தைக்கும் விதம்: அவளை நிற்க வையுங்கள். அவளுடைய தலைமுடியே நூல். முதலில் குதிகால், இடது, பிறகு வலது. தையல் நெருக்கமாக இருக்கட்டும். இழுத்துத் தைக்காதீர்கள், நிழல் சுருங்கினால் தூக்கமும் சுருங்கும் என்பது என் ஊகம்.

உங்கள் நிழலைத் தருவதாக இருந்தால், கோட்டில் குதிகால் படும்படி, விளக்கைப் பார்த்து நில்லுங்கள். நிழல் நீளமாக எங்கள் பக்கம் விழும். நான் கோட்டுக்கு இப்பால் இருட்டிலேயே இருந்து வெட்டிவிடுவேன். வெட்டும்வரை திரும்பக் கூடாது.

நிழல்காரி

*

தங்கை தூங்கிய மூன்றாம் நாள்

நிழல்காரி,

தூங்குகிறாள்! கடைசித் தையல் போட்டு முடிக்கவில்லை, நின்றபடியே என் தோளில் சாய்ந்துவிட்டாள். முடிச்சுகூடப் படுக்கவைத்துத்தான் போட்டேன். என் தையல் கோணல்மாணல். நீ பார்த்தால் சிரிப்பாய். மூன்று நாளாகத் தூங்குகிறாள். நடுவில் ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, "யாருண்ணா குடுத்தா?" என்றாள். தெரிந்தவர்கள் என்றேன். 

எங்கள் வேலைப் புத்தகத்தில் முதல் வரியே 'இருட்டுக்கு முதுகு காட்டாதே' என்பதுதான். நாளை எண்ணெய் ஊற்றி முடித்ததும் காட்டப்போகிறேன். உன் அண்ணன் திரைத்துணியோடு வெளிச்சத்துக்கு வர வேண்டாம். எனக்கு நூறு நாள் இருக்கிறது, அதற்குள் ஏதாவது வழி பார்க்கலாம்.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ அவ்வளவு பக்கத்தில் வருவாய் என்று நினைக்கும்போது, பயம் மட்டும்தான் என்று சொல்ல முடியவில்லை.

ஏழாம் விளக்குக்காரன்

*

நான் தூங்காத நான்காம் நாள்

நிழல்காரி,

இது மூன்றாவது காகிதம். முதல் இரண்டும் கல்லுக்குக் கீழே அப்படியே கிடக்கின்றன. எடுக்கக்கூட வரவில்லையா?

அன்று என் குதிகாலில் உன் விரல் பட்டது. சில்லென்று இருந்தது. கத்தரிச் சத்தம் கேட்டது, அடுத்த நொடி நீ அலறியதும் கேட்டது. திரும்பினேன், யாருமில்லை. என்ன ஆனது என்று அப்போது புரியவில்லை. பிறகு மேடைக்கு வந்து விளக்கைப் பார்த்தேன். 

கண்ணாடியைத் துடைத்திருந்தேன். நீ வரப்போகிறாய் என்று. வீட்டுக்கு ஆள் வந்தால் வாசலைப் பெருக்குகிற மாதிரி, பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது. பளபளவென்று துடைத்திருக்கிறேன், பாவி. வெளிச்சம் கோட்டைத் தாண்டி ஒரு முழம் வரும் என்று உன் முதல் காகிதத்திலேயே எழுதியிருந்தாயே. என் நிழல் விழுந்தவரை அது உன்னை மறைத்திருக்கும். வெட்டியதும் வெளிச்சம் உன் மேல் விழுந்திருக்கும்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

ஏழாம் விளக்குக்காரன்

*

எண்ணெய் எத்தனை முறை என்று எண்ணவில்லை

விளக்குக்காரரே,

எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். இடது கை.

வலது கை மணிக்கட்டுவரை வெந்துபோய்விட்டது. விரல்கள் இருக்கின்றன, மடங்காது. கண்ணாடியைத் துடைத்தீர்கள் என்று படித்ததும் அழுதுகொண்டே சிரித்தேன். உங்களைத் திட்ட உட்கார்ந்தால், துணியும் கையுமாக நீங்கள் கண்ணாடியைத் தேய்ப்பதுதான் கண்ணில் வருகிறது. எனக்காக யாரும் எதையும் துடைத்து வைத்ததில்லை.

இனி நான் வெட்டப் போவதில்லை, தைக்கப் போவதில்லை. பழைய சட்டைகளும் நைந்துபோயின, இந்தத் தெருவில் இனி யாருக்கும் நிழல் சட்டை கிடையாது. அண்ணனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. திரைத்துணிச் சட்டையை என் முகத்தில் விட்டெறிந்தான். "நான் செத்தாலும் பரவாயில்லைன்னு நினைச்சியா?" என்று கேட்டான். இல்லை என்றேன், நம்பவில்லை. ஆனால் கைக்கு மருந்து போடுவது அவன்தான். இனி விளக்கு ஏதாவது தானாக அணைந்தால்தான் அவர்கள் வர முடியும். படை தெருக்கோடியில் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறது. ஜாக்கிரதை.

உங்கள் நிழலைக் கல்லுக்குக் கீழே வைத்திருக்கிறேன். எனக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பொய். கை வலித்தபோது போர்த்திக்கொண்டேன். எடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள். தூங்குங்கள்.

நிழல்காரி

*

நான் தூங்காத பதினேழாம் நாள்

நிழல்காரி,

ஒரு குதிகாலில் மட்டும் தைத்திருக்கிறேன், இடது. அதுவும் என் கோணல் தையல்தான். மறுமுனையைக் கல்லுக்குக் கீழே வாய்க்காலுக்குள் விட்டிருக்கிறேன். உன் கைக்கு எட்டும். முழுசாகத் தைத்துவிட்டால் உனக்கும் எனக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாமல் போய்விடும் என்று தோன்றியது.

மேடையில் சாய்ந்து கொஞ்சம் கண்ணை மூடப்போகிறேன். நின்றுகொண்டே விழுந்துவிடுவேன் போல இருக்கிறது. மாற்று ஆள் கேட்டால் மேற்பார்வையாளர், "விளக்குக்காரனுக்கு என்னய்யா தூக்கம்?" என்கிறார். திரி இன்னும் நாலு நாழிகை தாங்கும். அதற்குள் விழித்துவிடுவேன். விழிக்காவிட்டால் நீ ஒரு இழு இழு. எழுந்துவிடுவேன். உன்னை நம்பித்தான் கண்ணை மூடுகிறேன்.

உன்
ஏழாம் விளக்குக்காரன்

*

நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது

என் விளக்குக்காரருக்கு,

நான் இழுக்கவில்லை.

நாலு நாழிகை தாண்டிவிட்டது. திரி கருகி இறங்கிக்கொண்டே வந்தது. தெருக்கோடியில் படை எழுந்து நின்றது. முதல் வரிசையில் அண்ணன், சட்டையில்லாமல். விளக்கு அணைந்தால் சட்டை எதற்கு? படை உள்ளே நுழைந்தால் ஓடிப்போய்ச் சொல்ல, உங்கள் தங்கை தூங்குகிற வீடு எத்தனையாவது தெரு என்றுகூட எனக்குத் தெரியாது. நிழலின் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு வாய்க்காலில் கிடந்தேன். ஒரு இழு இழுத்திருந்தால் போதும். கல் இடுக்கு வழியாக உங்கள் முகம் தெரிந்தது. வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறீர்கள். பதினேழு நாள் கழித்து வந்த தூக்கம், என்னால் போன தூக்கம். எழுப்ப மனசு வரவில்லை.

உங்கள் நிழலையே தலையோடு போர்த்திக்கொண்டு மேலே ஏறி வந்துவிட்டேன். சுடவில்லை. பொட்டுக்கூடச் சுடவில்லை. பதினான்கு வருஷம் ஊருக்கெல்லாம் தைத்துக்கொடுத்தேன், ஒருமுறைகூட நான் போட்டுப் பார்த்ததில்லை. இடது கையால் எண்ணெய் ஊற்றினேன். பாதி வெளியே போயிற்று. நீங்கள் ஏன் சிந்துகிறீர்கள் என்று இப்போது புரிகிறது. திரியை நெல்லளவு தூண்டினேன், அதற்கு மேல் இல்லை.

அண்ணன் பார்த்துவிட்டான். "வாடி இங்க" என்றான். நான் அசையவில்லை. "அப்போ அங்கேயே இரு" என்றான்.  பிறகு மற்றவர்களிடம் திரும்பி, "இது அணையாது, வாங்கடா போலாம்" என்றான். கடைசிவரை திரும்பிப் பார்க்கவில்லை. கைக்கு மருந்து போட இனி அவன் இல்லை. எனக்கு வீடும் இல்லை. இதை எழுதும்போது அழுகிறேன், காகிதத்தில் மை கலைந்திருந்தால் அதனால்தான்.

அப்பாவின் தடத்துக்குப் பக்கத்தில், உங்கள் காலடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் முகம் சுமார்தான். ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தங்கை சாப்பாடு கொண்டுவந்தால் முதலில் நீங்கள் எழுந்து பேசுங்கள். உன் நிழலை வெட்டியவள் நான்தான் என்று நானாகவே சொல்கிறேன், ஆனால் அவள் சாப்பிட்ட பிறகு.

என்னவோ கண் சொருகுகிறது. உங்கள் நிழலுக்குள் இருப்பதால்தானா? யாரோ கடையைச் சாத்துகிற மாதிரி இருக்கிறது. அப்பா வந்தால் பேசிவிட்டு எழுந்திருக்கிறேன்.

விழித்ததும் பழக்கத்தில் அந்த இன்னொரு குதிகாலைத் தைத்துவிடாதீர்கள். உள்ளே நான் இருக்கிறேன். கண்ணாடியை மட்டும் துடைக்காதீர்கள்.

உங்கள்
நிழல்காரி